நாங்களே சொல்லி அனுப்புகிறோம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், தலைநகர் ரிச்மண்டிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில் ஃபார்ம்வில் என்றொரு சிற்றூர் இருக்கிறது. புகையிலை விளையும் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டியின் தலைமை ஊர் அதுதான். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இருந்த ராபர்ட் ருஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளியின் வளாகத்தில் 1948-ல் மூன்று கொட்டகைகள் முளைத்தன. பலகை அடித்து, மேலே தார் பூசிய காகிதத்தைப் போர்த்தியவை. சாலையில் போகிற வெளியூர்க்காரர்கள் இது கோழிப்பண்ணையா என்று விசாரிப்பார்களாம். மழைக்கு ஒழுகும். குளிருக்கு வகுப்புக்கு ஓர் அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு வியர்வை வழியும். ஜன்னலோரத்துப் பிள்ளை கோட்டைக் கழற்றாமலே பாடம் கேட்கும். நடுவில் அடுப்பு தணிந்தால் கிளறிவிடுவதும் ஆசிரியரின் வேலைதான்.

தற்காலிக ஏற்பாடு என்று சொல்லித்தான் அவற்றைப் போட்டார்கள்.

மோட்டன் பள்ளியின் செங்கல் கட்டடம் 1939-ல் எழுந்தது. 180 மாணவர்கள் படிக்கலாம் என்பது கணக்கு. ஓரிரு ஆண்டுகளிலேயே அந்தக் கணக்கு உடைந்துவிட்டது. 1950 வாக்கில் அதே இடத்தில் 450-க்கும் அதிகமானோர் படித்தார்கள். உடற்பயிற்சிக் கூடம் கிடையாது, சாப்பாட்டுக் கூடம் கிடையாது, ஒழுங்கான அறிவியல் ஆய்வுக்கூடமும் கிடையாது. ஒரே அரங்கத்துக்குள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகள் நடந்தன. இடமே இல்லாதபோது வெளியே நின்ற பஸ்ஸுக்குள் உட்கார்த்திவைத்தும் பாடம் எடுத்தார்கள். அந்த பஸ்ஸும் வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளி ஓட்டித் தேய்த்துவிட்டுக் கொடுத்தது. வெள்ளைப் பிள்ளைகளின் ஃபார்ம்வில் உயர்நிலைப் பள்ளியோ அதே ஊரில்தான் இருந்தது. அங்கே கூடங்கள் எல்லாம் இருந்தன. மோட்டனில் கற்பிக்கப்படாத இயற்பியலும் லத்தீனும் உலக வரலாறும் அங்கே பாடத்திட்டத்தில் இருந்தன.

பள்ளிக்குப் பெயர் தந்தவர் சாதாரண ஆள் அல்ல. ராபர்ட் ருஸ்ஸா மோட்டன் அந்த கவுன்டியிலேயே வளர்ந்தவர். புக்கர் டி. வாஷிங்டன் இறந்தபின், 1915-ல் அவருடைய டஸ்கிகீ கல்வி நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர். அப்படிப்பட்டவரின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, பின்னால் தார்க் கொட்டகை போட்ட நிர்வாகம் எப்படிப்பட்டது என்பதைப் பார்க்கவேண்டும். இந்தக் கதையை எல்லோரும் ஒரு பெண்ணின் துணிச்சலாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தத் துணிச்சலுக்கு முன்னால் பல ஆண்டுகள் நடந்த ஒரு சாதாரண அலுவலகக் கதை இருக்கிறது. அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

அமெரிக்கப் பள்ளி மாவட்டம் நம் ஊர்க் கல்வி மாவட்டம் போன்றதல்ல. பள்ளிப் பணத்தில் கணிசமான பகுதி உள்ளூர் வீட்டு வரியிலும் நில வரியிலும் இருந்து வருகிறது. கட்டடம் எங்கே எழ வேண்டும், தலைமை ஆசிரியர் யார், பஸ் எந்தத் தடத்தில் ஓட வேண்டும் என்பதையெல்லாம் உள்ளூர்க் குழுவே முடிவு செய்யும். ஊர்ப் பள்ளியை ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள் என்று அமெரிக்கர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அதில் நியாயமும் உண்டு. ஊர்க்காரர் என்ற கணக்கில் யார் யார் சேர்த்தி என்று கேட்டால்தான் சங்கடம்.

அன்றைய வர்ஜீனியாவில் பள்ளி வாரியத்துக்குத் தேர்தல் கிடையாது. நீதிபதி ஒரு சிறு குழுவை நியமிப்பார். அந்தக் குழு வாரிய உறுப்பினர்களை நியமிக்கும். அப்படி உட்கார்ந்த வாரியத்துக்கும் வரி போடும் அதிகாரம் இல்லை. பணப்பை கவுன்டியின் மேற்பார்வையாளர் குழுவிடம் இருந்தது. அந்தக் குழுவுக்குத் தேர்தல் உண்டு. ஆனால் 1902-ல் வர்ஜீனியா எழுதிக்கொண்ட அரசமைப்பின்படி வாக்களிக்கத் தலைவரி கட்டவேண்டும்: ஆண்டுக்கு ஒன்றரை டாலர், அதையும் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து, தேர்தலுக்குப் பல மாதம் முன்பே. ஏழைகளை, முக்கியமாகக் கறுப்பினத்தவரை, வாக்குச்சாவடிக்கு வராமல் தடுக்கவே போட்ட வேலி அது. கவுன்டியின் மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கறுப்பினத்தவர். பள்ளி வாரியத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. மேற்பார்வையாளர் குழுவிலும் இல்லை.

ஆகவே ஒழுகும் கூரையைப் பற்றிக் கேட்க நினைத்த பெற்றோருக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. மாதாந்திரக் கூட்டத்துக்குப் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கேட்பது.

போனார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சார்பில் ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சர்ச்சின் போதகர் எல். ஃபிரான்சிஸ் கிரிஃபின் போனார். தலைமை ஆசிரியர் எம். பாய்ட் ஜோன்ஸ் போனார். மாதம் தவறாமல் போனார்கள். வாரியம் அவர்களை விரட்டவில்லை. மரியாதையாகவே உட்காரவைத்துக் கேட்டது. புதுப் பள்ளி தேவைதான் என்று ஒப்புக்கொண்டது. முதலில் இடம் பார்க்கவேண்டும் என்றது. இடத்தைக் காட்டினால் விலை பேசவேண்டும் என்றது. அடுத்த மாதம் வேறு ஏதோ ஒன்று. கடைசியில் ஒருநாள், இனிமேல் ஒவ்வொரு கூட்டத்துக்கும் நீங்கள் சிரமப்பட்டு வரவேண்டியதில்லை, விஷயம் முடிவானதும் நாங்களே சொல்லி அனுப்புகிறோம் என்ற பொருளில் பதில் வந்தது. சொல்லி அனுப்பவில்லை.

வாரியத் தலைவராக இருந்த மாரிஸ் லார்ஜோ, நெடுங்காலம் கல்விக் கண்காணிப்பாளராக இருந்த டி. ஜே. மெக்கில்வேனோ முரட்டு இனவெறியர்கள் என்று பெயர் எடுத்தவர்கள் அல்ல. அந்தக் காலத்து, அந்த ஊர் அளவுகோலில் இருவருமே மிதவாதிகள். புதுப் பள்ளி கட்டவேண்டும் என்று அவர்கள் உண்மையாகவே நினைத்திருக்கலாம். ஆனால் அதற்கு வரியை ஏற்றவேண்டும். வரியை ஏற்றினால் வாக்குள்ளவர்கள் கோபப்படுவார்கள். கொட்டகையில் நடுங்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பெரும்பாலும் வாக்கு இல்லை. இந்தக் கணக்கில் தள்ளிப்போடுவதுதான் எப்போதும் மலிவான வழி. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே ஒரு நிர்வாகம் ஒரு தலைமுறையைக் கெடுக்க முடியும் என்பதற்கு பிரின்ஸ் எட்வர்டின் அந்தக் கூட்டங்களைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

பார்பரா ஜான்ஸ் அப்போது பதினாறு வயது மாணவி. வீட்டில் மூத்தவள். தம்பி தங்கைகளைக் கிளப்பி அனுப்பிய அவசரத்தில் ஒருநாள் தன் பஸ்ஸைத் தவறவிட்டாள். சாலையோரம் நின்றவளைக் கடந்து வெள்ளைப் பிள்ளைகளின் பஸ் போனது. அதில் பாதி இருக்கைகள் காலி. ஏற முடியாது. அதற்கு முன்பே இசை ஆசிரியை ஐனெஸ் டேவன்போர்ட்டிடம் பள்ளியின் நிலையைச் சொல்லிப் புலம்பியிருக்கிறாள். அப்படியானால் நீ ஏதாவது செய்யேன் என்று ஆசிரியை திருப்பிக் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி மனதில் தைத்துக்கொண்டதாகப் பின்னாளில் பார்பரா எழுதிவைத்தார். அவருடைய பெரியப்பா வெர்னான் ஜான்ஸ் அலபாமாவின் மான்ட்கோமரியில் டெக்ஸ்டர் அவென்யூ சர்ச்சின் போதகர். நாக்கில் நெருப்பு உள்ளவர். மார்ட்டின் லூதர் கிங் பிறகு வந்து உட்கார்ந்தது அவர் விட்டுப்போன பீடத்தில்தான். வீட்டிலேயே இப்படி ஒருவர் இருந்ததால் எதிர்த்துப் பேசும் பேச்சு அந்தப் பெண்ணுக்குப் புதிதல்ல.

1951 ஏப்ரல் 23, திங்கட்கிழமை. தலைமை ஆசிரியர் ஜோன்ஸுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு: பஸ் நிலையத்தில் உங்கள் மாணவர்கள் ஏதோ தகராறில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், சீக்கிரம் வாருங்கள். அவர் ஓடினார். அவர் கிளம்பியதும், மாணவர்களை அரங்கத்துக்கு அனுப்புங்கள் என்று தலைமை ஆசிரியரின் முதலெழுத்தோடு வகுப்புதோறும் துண்டுச்சீட்டு போனது. அழைப்பும் பொய், சீட்டும் போலி. மாதக்கணக்கில் ரகசியமாகத் திட்டமிட்ட மாணவர் குழு ஒன்றின் வேலை அது. ஜோன்ஸின் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காகவே அவரை அப்புறப்படுத்தினார்கள். திரை விலகியது. மேடையில் ஆசிரியர் யாரும் இல்லை, பார்பராவும் அவளுடைய கூட்டாளிகளும் இருந்தார்கள். ஆசிரியர்களை வெளியேறச் சொன்னாள். காலணியைக் கழற்றித் தட்டி அரங்கத்தை அமைதியாக்கினாள் என்கிறார்கள். புதுப் பள்ளி கிடைக்கும்வரை வகுப்புக்குப் போவதில்லை என்றாள். 450 பேரும் அவள் பின்னால் எழுந்தார்கள்.

அவர்கள் அன்று கேட்டது ஒரு கட்டடம் மட்டும்தான். வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளையருக்குத் தந்ததற்குச் சமமாக எங்களுக்கும் தாருங்கள் என்பதே கோரிக்கை. அன்றைய வர்ஜீனியாவின் சட்டமே ஏட்டளவில் ஒப்புக்கொண்ட விஷயம் அது. வாரியம் அந்த வாரமே ஒரு தேதியைச் சொல்லி, ஒரு தொகையை ஒதுக்கியிருந்தால் கதை ஒருவேளை ஃபார்ம்வில்லின் எல்லையைத் தாண்டியிருக்காது. வகுப்புக்குத் திரும்புங்கள், பள்ளி வரும் என்ற பழைய பாட்டையே கண்காணிப்பாளர் பாடினார்.

அன்றே பார்பராவும் மாணவர் தலைவி கேரி ஸ்டோக்ஸும் ரிச்மண்டிலிருந்த வழக்கறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் இருவரும் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் வழக்கறிஞர்கள். வேறொரு வழக்குக்காகப் போகும் வழியில், இந்தப் பிள்ளைகளைத் தேற்றி வகுப்புக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் ஃபார்ம்வில்லில் இறங்கினார்கள். கிரிஃபினின் சர்ச்சில் கூடியிருந்த மாணவர்களைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். கட்டடம் கேட்டு வழக்குப் போட மாட்டோம்; இனவாரியாகப் பள்ளிகளைப் பிரித்துவைப்பதே தவறு என்று போடுவதானால் வருகிறோம். பெற்றோர் யோசித்தார்கள். எதிர்ப்பும் எழுந்தது. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். மாணவர்கள் மே 7-ல் வகுப்புக்குத் திரும்பினார்கள். மே 23-ல் 117 மாணவர்கள் பெயரில் வழக்குப் பதிவானது. பட்டியலில் முதலில் இருந்தது ஒரு விவசாயியின் பதினான்கு வயது மகள் டாரதி டேவிஸின் பெயர். அதனால் வழக்கு ‘டேவிஸ் எதிர் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி பள்ளி வாரியம்’ ஆனது.

பதிலடி உடனே தொடங்கியது. பள்ளி வளாகத்தில் சிலுவை எரிக்கப்பட்டது. கூ கிளக்ஸ் கிளான் கும்பலின் மிரட்டல் அடையாளம் அது. மாணவர்கள் பார்த்துப் பார்த்துக் காப்பாற்ற நினைத்த ஜோன்ஸின் வேலை போய்விட்டது; வாரியம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பார்பராவை மான்ட்கோமரிக்கு, பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை ஆண்டுகளாக இல்லாத பணம் இப்போது எங்கிருந்தோ வந்துவிட்டது. 1952 பிப்ரவரியில் ரிச்மண்டில் மூன்று நீதிபதிகள் முன் விசாரணை நடந்தது. பிரிவினை சரியா தவறா என்பதில் நீதிபதிகள் மாணவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தார்கள். ஆனால் கட்டடமும் பாடத்திட்டமும் சமமாக இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, சரிசெய்யச் சொன்னார்கள். 1953-ல் புது மோட்டன் பள்ளி திறந்தது. செலவு எட்டு லட்சம் டாலருக்கு மேல். உடற்பயிற்சிக் கூடம், சாப்பாட்டுக் கூடம் எல்லாம் உண்டு. கிரிஃபினும் ஜோன்ஸும் மாதாமாதம் போய்க் கெஞ்சியதற்குக் கிடைக்காதது, நீதிமன்றத்தில் தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் கிடைத்தது.

காலம் கடந்துவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், கேன்சஸ், தென் கரோலினா, டெலவேர், தலைநகர் வாஷிங்டன் வழக்குகளோடு சேர்ந்தது. ‘பிரவுன் எதிர் கல்வி வாரியம்’ என்று உலகம் அறிந்த அந்தத் தீர்ப்பு 1954 மே 17-ல் வந்தது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது. சேர்ந்திருந்த ஐந்து வழக்குகளில் மாணவர்களே தொடங்கியது ஃபார்ம்வில் வழக்கு ஒன்றுதான்.

அதன்பின் நடந்தது, ஒரு நிர்வாகம் எவ்வளவு தூரம் போகும் என்பதன் கடைக்கோடி. வர்ஜீனியாவின் செனட்டர் ஹாரி பேர்ட் தீர்ப்பை எதிர்த்துப் ‘பெரும் எதிர்ப்பு’ என்று முழங்கினார். பள்ளிகளை ஒன்றாக்குவதை எதிர்த்த மாநிலச் சங்கத்துக்கு பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டியே கோட்டையாக இருந்தது. சங்கத் தலைவர் ராபர்ட் கிராஃபோர்ட் ஃபார்ம்வில்லில் சலவைக்கடை வைத்திருந்தவர். உள்ளூர்ப் பத்திரிகையான ஃபார்ம்வில் ஹெரால்டின் ஆசிரியர் ஜே. பேரி வால் விடாமல் எழுதினார். கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்த்து நடத்துவதைவிடப் பொதுப் பள்ளிகளைக் கைவிடுவதே மேல் என்று 1956-ல் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். மேற்பார்வையாளர் குழு பள்ளிக்கான பணத்தை மாதாமாதம் எண்ணிக் கொடுக்கத் தொடங்கியது. நீதிமன்றம் உத்தரவிட்டால் அந்த மாதமே குழாயை மூடிவிடலாம் அல்லவா.

1958-ல் மாநில அரசு நார்ஃபோக், சார்லட்ஸ்வில், ஃப்ரன்ட் ராயல் ஊர்களில் வெள்ளையர் பள்ளிகளை மூடிப் பார்த்தது. 1959 ஜனவரி 19-ல் மாநில உச்ச நீதிமன்றமும் மத்திய நீதிமன்றமும் ஒரே நாளில் அதைச் செல்லாது என்றன. மற்ற ஊர்கள் வேண்டா வெறுப்பாக வழிக்கு வந்தன. பிரின்ஸ் எட்வர்ட் வரவில்லை. அந்த செப்டம்பரில் பள்ளிகளை ஒன்றாக நடத்த வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் மே மாதம் உத்தரவிட்டது. ஜூன் மாதம் மேற்பார்வையாளர்கள் கூடினார்கள். பொதுப் பள்ளிகளுக்கு அந்த ஆண்டு ஒதுக்கீடு எதுவும் இல்லை என்று முடிவெடுத்தார்கள்.

1959 இலையுதிர்காலத்தில் கவுன்டியின் எல்லாப் பொதுப் பள்ளிகளும் பூட்டப்பட்டன. எட்டு லட்சம் டாலர் புதுக் கட்டடத்துக்கும் பூட்டு.

வெள்ளைப் பிள்ளைகளுக்கு ‘பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி’ என்ற தனியார் பள்ளி தயாராக இருந்தது. முதலில் சர்ச்சுகளிலும் காலிக் கட்டடங்களிலும் நடந்தது. பொதுப் பள்ளிகளில் இருந்த வெள்ளை ஆசிரியர்கள் பெரும்பாலும் அங்கே போனார்கள். மாநிலமும் கவுன்டியும் பெற்றோருக்குக் கல்வி மானியம் என்ற பெயரில் பணம் தந்து தாங்கின. 1961-ல் மத்திய நீதிமன்றம் தடுக்கும்வரை அந்த ஓட்டம் நிற்கவில்லை. பணமில்லாத சில வெள்ளைக் குடும்பங்களின் பிள்ளைகளும் நடுத்தெருவில் நின்றார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் சுமார் 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்கு எதுவுமே இல்லை. அவர்களுக்கும் ஒரு தனியார் பள்ளி தொடங்கித் தருகிறோம் என்று சில வெள்ளையர்கள் முன்வந்தார்கள். வந்த விண்ணப்பம் ஒன்றே ஒன்று. வழக்கைக் கைவிடச் செய்யும் தூண்டில் அது என்று ஊருக்கே தெரிந்திருந்தது.

ஐந்து ஆண்டுகள். ஆறு வயதில் முதல் வகுப்புக்குப் போகவேண்டிய குழந்தை பதினோரு வயதுவரை எழுத்து தெரியாமல் இருந்தது. பதினைந்து வயதில் நின்றவன் இருபது வயதாகியும் முடிக்கவில்லை. புகையிலைக் காட்டுக்கும் மரம் அறுக்கும் ஆலைக்கும் போய்விட்டான். வசதி இருந்தவர்கள் பிள்ளைகளைப் பக்கத்துக் கவுன்டியில் உறவினர் வீட்டில் விட்டார்கள். வாடகைக்கு ஒரு வீட்டைப் பிடித்து அங்கே குடியிருப்பதாகக் காட்டியவர்களும் உண்டு. குவேக்கர்களின் தொண்டு அமைப்பு சில பத்துப் பேரைப் பிற மாநிலங்களில் அறிமுகமில்லாத குடும்பங்களோடு தங்கவைத்துப் படிக்கவைத்தது. வட கரோலினாவின் கிட்ரெல் கல்லூரி மேல் வகுப்பு மாணவர்கள் சிலரை ஏற்றுக்கொண்டது. ஊரிலேயே இருந்தவர்களுக்கு சர்ச்சுகளின் அடித்தளத்தில் பயிற்சி மையங்கள் நடந்தன. அவற்றைப் பள்ளி என்று யாரும் சொல்லவில்லை. பள்ளி என்று பெயர் வைத்தால், பாருங்கள், கறுப்பினத்தவர் சமாளித்துக்கொண்டார்கள் என்று எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் சொல்லிவிடும் என்ற எச்சரிக்கை. ஒரு வீட்டில் மூத்தவனை வெளியூருக்கு அனுப்பினால் இளையவர்களை அனுப்பப் பணம் இருக்காது. யாரை அனுப்புவது என்று தாய்மார் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

வெள்ளையரிலும் எதிர்த்தவர்கள் இருந்தார்கள். லாங்வுட் கல்லூரியின் பேராசிரியர் கார்டன் மாஸ் வெளிப்படையாகப் பேசினார். ஊரில் பலர் அவரிடமிருந்து விலகிக்கொண்டார்கள். பழைய பள்ளி வாரியத்தின் நிலைதான் பரிதாபம். பள்ளிகளே இல்லாத கவுன்டியின் பள்ளி வாரியம் அது. உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தை அகாடமிக்கு விற்க வேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது, 1960-ல் பெரும்பாலான உறுப்பினர்கள் அதற்கு உடன்படாமல் பதவி விலகினார்கள். மரியாதைக்குரிய செயல்தான். இந்த முதுகெலும்பைப் பத்து ஆண்டுகளுக்கு முன், தார்க் கொட்டகை விஷயத்தில் காட்டியிருக்கலாமே என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

1963 மார்ச்சில் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி கென்டக்கியில் பேசும்போது, இலவசப் பொதுக் கல்வி இல்லாத இடங்களை வரிசையாகச் சொன்னார். கம்யூனிஸ்ட் சீனா, வட வியட்நாம், சரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹோண்டுராஸ், பிறகு பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி, வர்ஜீனியா. அந்தக் கோடையில் ஃபார்ம்வில்லின் இளைஞர்கள் தெருவில் இறங்கிக் கடைகளின் முன் மறியல் செய்தார்கள், கைதானார்கள். செப்டம்பரில் நன்கொடைப் பணத்தில் ‘இலவசப் பள்ளிகள்’ திறந்தன. முன்னாள் கவர்னர் கோல்கேட் டார்டன் தலைமையில் மூன்று வெள்ளையர், மூன்று கறுப்பினத்தவர் கொண்ட அறங்காவலர் குழு. நியூயார்க் பக்கத்திலிருந்து நீல் சல்லிவன் கண்காணிப்பாளராக வந்தார். 1,500-க்கு மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர்களில் வெள்ளையர் ஒரு கைவிரலுக்குள் அடக்கம். பேராசிரியர் மாஸின் மகன் அவர்களில் ஒருவன். வயதைப் பார்த்து வகுப்பில் போட முடியவில்லை. எவ்வளவு தெரியும் என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

1964 மே 25-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் பேசியது. போதகர் கிரிஃபினின் பிள்ளைகள் பெயரில் நடந்த வழக்கு இது. நீதிபதி ஹ்யூகோ பிளாக் எழுதிய தீர்ப்பில், நிதானமாகச் செய்யலாம் என்று காத்திருக்கும் காலம் முடிந்துவிட்டது என்று இருந்தது. தேவைப்பட்டால் வரி விதித்துப் பள்ளியை நடத்தும்படி மேற்பார்வையாளர்களுக்கே கீழ் நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றது. உள்ளூர் ஆட்சி அமைப்பு ஒன்றிடம் நீ வரி போடு என்று நீதிமன்றம் சொல்வது அமெரிக்காவில் சாதாரண விஷயம் அல்ல. இரண்டு நீதிபதிகள், பள்ளிகளைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் நமக்கு இல்லை என்று அந்த இடத்தில் மட்டும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

பணிந்தார்களா? பொதுப் பள்ளிகளுக்கு 1,89,000 டாலரையும், தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு மானியமாக அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கையும் ஒதுக்கினார்கள். நீதிமன்றம் இந்த மானியத்தையும் தடுத்துவிடும் என்று தெரிந்ததும், ஆகஸ்ட் தொடக்கத்தில் ஓர் இரவு கூடினார்கள். வெள்ளைப் பெற்றோருக்கு ரகசியமாகச் சொல்லி அனுப்பினார்கள். விடிவதற்குள் சுமார் 1,80,000 டாலருக்குக் காசோலைகள் கைமாறிவிட்டன. வங்கி திறந்ததும் பணமாகிவிட்டன. கிரிஃபினுக்கும் ஜோன்ஸுக்கும் ஆண்டுக்கணக்கில் சொல்லி அனுப்ப முடியாத கவுன்டி அது. 1966-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை நீதிமன்ற அவமதிப்பு என்றது.

1964 செப்டம்பரில் பொதுப் பள்ளிகள் மீண்டும் திறந்தன. வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் கறுப்பினப் பிள்ளைகள். வெள்ளைப் பிள்ளைகள் திரும்பப் பல ஆண்டுகள் ஆயின. கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்காததால் அகாடமி 1978-ல் வரிவிலக்கை இழந்தது. 1980-களின் நடுவில்தான் கதவைத் திறந்தது. பிறகு தொழிலதிபர் ஜே. பி. ஃபுகுவா ஒரு கோடி டாலர் கொடுக்க, அவர் பெயரில் ஃபுகுவா பள்ளி ஆனது. பழைய மோட்டன் கட்டடம் 1998-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது, இப்போது அருங்காட்சியகம். 2003-ல் வர்ஜீனியா சட்டமன்றம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. மறு ஆண்டு, படிப்பை இழந்தவர்களுக்காக ஒரு கல்வி உதவித்தொகைத் திட்டம் வந்தது. செல்வந்தர் ஜான் க்ளூகி பத்து லட்சம் டாலர் கொடுத்தார். அப்போது அந்தப் ‘பிள்ளைகளுக்கு’ ஐம்பது வயதும் அறுபது வயதும். 2008-ல் கவுன்டியின் மேற்பார்வையாளர் குழுவே நீதிமன்றக் கட்டடத்தின் மணிக்கூண்டில் நல்லிணக்க விளக்கு என்று ஒன்றை ஏற்றி வருத்தத்தைப் பதிவு செய்தது. வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் 1909 முதல் நின்ற ராபர்ட் ஈ. லீ சிலை 2020 டிசம்பரில் அகற்றப்பட்டது. அந்த இடத்துக்கு மாநிலக் குழு தேர்ந்தெடுத்தவர் பார்பரா ஜான்ஸ். 1991-ல் அவர் இறந்தபோது ஒரு நூலகராக இருந்தார். தன் ஊருக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் அப்போது குறைவு.

சிலை, விளக்கு, வருத்தத் தீர்மானம் எல்லாம் அந்தப் பெண்ணுக்கும் அந்த 1,700 பேருக்கும் உரியவை. தாமதமாகவேனும் வந்தது நல்லது. ஆனால் பள்ளியை நடத்துபவர்களைப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புபவர்கள் கேள்வி கேட்க முடியாத அந்த ஏற்பாடு பள்ளிகளின் பூட்டைவிட நீண்ட ஆயுளோடு இருந்தது. மாநிலத் தேர்தல்களுக்கான தலைவரியை உச்ச நீதிமன்றம் 1966-ல் ஒழித்தது. பள்ளி வாரியத்தை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்று வர்ஜீனியா சட்டம் கொண்டுவந்தது 1992-ல். அமெரிக்காவிலேயே அதை அனுமதித்த கடைசி மாநிலம் அதுதான்.